மணற்கடிகாரம் இல்லாத திரை

விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு புரோகிராம் பாதி வேலையில் திகைத்து நின்றுவிடும். அதன் ஜன்னல் வெளுத்துப்போகும். பொறுக்காமல் வேறொரு ஜன்னலைப் பிடித்து அதன்மேல் இழுத்தால், இழுத்த வழியெல்லாம் அதன் ஓரங்கள் அச்சு அச்சாகப் படிந்து நிற்கும். மவுஸ் அம்பு இருந்த இடத்தில் மணற்கடிகாரம். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்திவிடலாமா, இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாருக்கும் கோபம்கூட வராது. கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்று பழகியிருந்தோம்.

அந்தக் காத்திருப்பு கம்ப்யூட்டரின் பிறவிக் குணம் கிடையாது, அதை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகளின் விளைவு என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது பீஓஎஸ் என்ற இயங்குதளம். 2000 மார்ச்சில் அதன் ஐந்தாம் பதிப்பை இலவசமாக விட்டார்கள். அதை ஆசையோடு போட்டுப் பார்த்தவர்களைத் தவிர இன்று வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. டீ சொல்லியாகிவிட்டது, வரும்வரைக்கும், வந்த பிறகும், சாவகாசமாகவே சொல்கிறேன்.

முதலில் அது வந்து சேர்ந்த விதம். அன்று வீட்டில் டயல்-அப் இணைப்பு. டெலிபோன் கம்பி வழியாக விநாடிக்கு நான்கைந்து கிலோபைட் வந்தால் நல்ல நாள் என்று அர்த்தம். பீஓஎஸ் இலவசப் பதிப்பு ஏறக்குறைய 45 எம்பி. கணக்குப் போட்டால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. நல்ல இணைப்புள்ள அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இறக்கி, சிடியில் ரைட் பண்ணிக் கொடுத்தார். ஒரு பச்சை மார்க்கரில் பெயர்கூட எழுதியிருந்தார், எழுத்துப் பிழையோடு.

அன்று இன்னொரு இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்பதென்றால் பெரிய தைரியம் வேண்டும். லினக்ஸ் போட ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது எங்கேனும் தப்பு நடந்தால், கல்யாணப் போட்டோக்கள், அப்பாவின் கடிதங்கள், தங்கையின் புராஜக்ட் எல்லாம் ஒரே போக்காகப் போய்விடும். வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர் இருந்த காலம். பீஓஎஸ்ஸைச் செய்த பீ நிறுவனத்தார் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய இலவசப் பதிப்பு விண்டோஸுக்குள்ளேயே, மற்ற எந்தப் புரோகிராமையும் போல நிறுவிக்கொள்ளும். 500 எம்பி அளவில் ஒரே ஒரு ஃபைல் உருவாகும். ஒரு முழு இயங்குதளமும் அதன் ஃபோல்டர்களும் அந்த ஒற்றை ஃபைலுக்குள் அடக்கம். பிடிக்கவில்லையா, அந்த ஃபைலை அழித்துவிட்டால் போதும், வந்த தடம் தெரியாது. ஐகானை இரண்டு தடவை தட்டினால் விண்டோஸ் விலகிக்கொள்ளும், பீஓஎஸ் எழுந்துகொள்ளும். விண்டோஸிலிருந்து எழுப்ப முடியாதவர்களுக்கு ஒரு ஃப்ளாப்பி.

எழும்போது கறுப்புத் திரையில் வரிசையாகச் சில சின்னங்கள் மங்கலாகத் தெரியும். ஒவ்வொன்றாக ஒளிரும். கடைசிச் சின்னம் ஒளிர்ந்ததும் டெஸ்க்டாப் வந்துவிடும். பவர் பட்டனை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் பழக்கத்துக்கு இங்கே நேரமில்லை. பென்டியம் 2, 64 எம்பி ராம் கொண்ட சாதாரண மெஷினிலேயே இருபது விநாடி வாக்கில் வேலைக்குத் தயார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு தலைப்புப் பட்டை, அதுவும் ஜன்னலின் முழு அகலத்துக்கு நீளாமல் பெயர் எழுதும் அளவுக்கு மட்டும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் அந்தப் பட்டை விளிம்போடு நகரும். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து ஜன்னல்களை வைத்துவிட்டு, பட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் எல்லாப் பெயர்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். மவுஸுக்கு அம்பு கிடையாது, விரல் நீட்டிய ஒரு குட்டிக் கை. எழுத்து தட்டும் இடத்தில் அது நிமிர்ந்த கோடாக மாறும். கூடவே கொடுத்திருந்த உருவங்கள் இந்த இரண்டுதான். மணற்கடிகாரம் என்று ஒன்றை அவர்கள் செய்து வைக்கவே இல்லை.

அதில் ஒரு சின்னக் கர்வம் இருந்தது. டெமோ புரோகிராம்களைப் பார்த்தால் அந்தக் கர்வத்துக்குக் காரணம் புரியும். ஒன்று, சுழலும் டீ பாட். (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்காரர்கள் எதைச் சோதிப்பதானாலும் இந்த டீ பாட்டைத்தான் வரைவார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-ல் கணக்கில் வடித்த உருவம் அது. மாதிரிக்கு அவர் வைத்திருந்த அசல் டீ பாட் இன்று கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் மியூசியத்தில் இருக்கிறது.) இன்னொன்று, அந்தரத்தில் திரும்பும் ஒரு கனசதுரம். வீடியோ ஃபைல் ஒன்றை இழுத்துவந்து அதன் ஒரு முகத்தில் போட்டால் அங்கே படம் ஓடும். அடுத்த முகத்தில் அடுத்த வீடியோ. கனசதுரத்தை மவுஸால் சுழற்றிக்கொண்டே இருக்கலாம், படங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இதே மெஷினில் விண்டோஸ் ஒரு வீடியோவை ஓட்டும்போது ஸ்டார்ட் மெனுவைத் திறந்தாலே திக்கும். பார்க்க வந்த நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, புது ராம் போட்டாயா என்பதுதான்.

ராமும் இல்லை, ப்ராசசரும் இல்லை. விஷயம் வேலையைப் பங்கிடும் முறையில் இருந்தது. ஒரு புரோகிராம் ஓடுகிறது என்றால் உள்ளே ஒரு த்ரெட்டாவது ஓடுகிறது என்று பொருள். கட்டளைகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டு போகும் ஓட்டம்தான் த்ரெட். அன்றைய விண்டோஸ் புரோகிராம்கள் பெரும்பாலும் ஒரே த்ரெட்டை வைத்துக் காலம் தள்ளின. மவுஸ் இங்கே அழுத்தப்பட்டது, இந்த மூலையைத் திரும்ப வரை, இந்த மெனுவைத் திற என்று ஜன்னலுக்கு வரும் செய்திகளைக் கவனிப்பதும் அதே த்ரெட், ஹார்ட் டிஸ்க்கில் போய்ப் பெரிய ஃபைலைப் படித்து வருவதும் அதே த்ரெட். அது டிஸ்க்கில் மாட்டிக்கொண்ட நேரத்தில் திரையைக் கவனிக்க ஆள் கிடையாது. வெளுத்துப்போன ஜன்னலும், படிந்து நிற்கும் ஓரங்களும் அந்த ஆளில்லாத நேரத்தின் அடையாளங்கள்.

கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் சாதம், சாம்பார், கூட்டு, அப்பளம், தண்ணீர் எல்லாம் பரிமாறினால் எப்படி இருக்கும்? அவர் சாம்பார் வாளியை நிரப்ப உள்ளே போயிருக்கும்போது விக்கல் எடுத்தவர் விக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பீஓஎஸ் போட்ட விதி, வாளிக்கு ஓர் ஆள். புரோகிராம் எழுதுபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனியாக ஒரு த்ரெட். போதாதென்று, திரையில் வரைந்து தரும் சர்வரின் பக்கத்திலும் அந்த ஜன்னலுக்கென்று இன்னொன்று. விண்டோஸிலும் பல த்ரெட் வைத்துக்கொள்ள வழி இருந்தது, ஆனால் அது எழுதுபவர் விருப்பம். விருப்பத்துக்கு விட்டால் அவசரத்தில் யார் செய்வார்கள்? பீஓஎஸ்ஸில் அது கட்டாயம்.

ஆள் கூடினால் முட்டல் மோதலும் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். சாம்பார்க்காரர் வழிவிடட்டும் என்று ரசக்காரரும், ரசக்காரர் வழிவிடட்டும் என்று சாம்பார்க்காரரும் இலைக்கு முன்னால் நின்றுவிட்டால் பந்தி அசையாது. புரோகிராமர்கள் இதை டெட்லாக் என்பார்கள். பீஓஎஸ்ஸுக்கு எழுதியவர்கள் இதில் படாத பாடு பட்டார்கள். வேறு இயங்குதளத்துக்கு ஒற்றை த்ரெட்டை நம்பி எழுதிய புரோகிராமை இங்கே கொண்டுவருவது அதைவிடக் கஷ்டம், முழுக்க அறுத்துத் தைக்க வேண்டும். பயன்படுத்துகிறவரின் சௌகரியத்துக்கான விலையை எழுதுகிறவர் கொடுத்தார். அந்த விலை அதிகம் என்று பல கம்பெனிகள் நினைத்தன.

இத்தனை த்ரெட்டுகளும் ஓடுவதற்கு வீட்டு மெஷினில் இருந்தது ஒரே ப்ராசசர். அதை யாரும் 3 மில்லி விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடித்து வைத்துக்கொள்ள முடியாதபடி பீஓஎஸ் முறை போட்டுக் கொடுத்தது. ஒலி, ஒளி சம்பந்தப்பட்டவற்றுக்கும், மவுஸ் போன்றவற்றுக்கும் முன்வரிசை. இதனால் எந்த வேலையும் சீக்கிரம் முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 200 எம்பி ஃபைலை ஜிப் செய்ய விண்டோஸில் ஆன நேரம்தான் இங்கேயும் ஆனது. ஆனால் அது முடியும்வரை பாட்டுக் கேட்கலாம், கடிதம் எழுதலாம், இன்னொரு ஜன்னலை இழுத்து விளையாடலாம். பீஓஎஸ் வேகமானது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். மெஷினின் வேகம் இருந்தபடிதான் இருந்தது, வேலை முடியும்வரை பீஓஎஸ் நம்மைக் கூடவே உட்கார வைக்கவில்லை, அவ்வளவே.

இரண்டு ப்ராசசர் வைத்திருந்தவர்களின் பாடு இன்னும் கொண்டாட்டம். விண்டோஸ் 98-க்கு இரண்டாவது ப்ராசசர் இருப்பதே தெரியாது, பீஓஎஸ்ஸோ த்ரெட்டுகளை இரண்டுக்கும் பங்கிட்டுவிடும். 1999-ல் அபிட் என்ற கம்பெனி, மலிவான செலரான் ப்ராசசர்கள் இரண்டைச் செருகும்படி பிபி6 என்றொரு மதர்போர்டு போட்டது. பீஓஎஸ் பித்தர்கள் பலர் அதைத் தேடி வாங்கினார்கள்.

மின்வெட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பீஓஎஸ்ஸின் மதிப்பு தெரிந்தது அப்போதுதான். யூபிஎஸ் இல்லாத வீட்டில் கரண்ட் போய்த் திரும்பினால், விண்டோஸ் 98 எழும்போதே, முறையாக மூடாமல் விட்டாய் என்று நம்மைக் கடிந்துகொண்டு நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டத் தொடங்கும். டிஸ்க் பெரியதாக இருந்தால் அது முடிய ஒரு யுகம். ஏன் அப்படி? ஒரு ஃபைலைச் சேமிப்பது ஒரே காரியம்போலத் தோன்றினாலும் டிஸ்க்கில் பல இடங்களில் குறிப்பு எழுத வேண்டும். ஃபைலின் பெயர் ஓரிடத்தில், அது எங்கெங்கே இருக்கிறது என்பது இன்னோரிடத்தில், மிச்ச இடம் எவ்வளவு என்பது வேறோரிடத்தில். இதில் இரண்டை எழுதி மூன்றாவதை எழுதுவதற்குள் கரண்ட் போனால் கணக்கு உதைக்கும். எங்கே உதைக்கிறது என்று தெரியாததால் டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. பீஓஎஸ்ஸின் ஃபைல் சிஸ்டம், செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு சிறு பகுதியில் மொத்தமாகக் குறித்துக்கொள்ளும், பிறகே உரிய இடங்களில் எழுதும். கரண்ட் போய் வந்தால் அந்தச் சிறு பகுதியை மட்டும் புரட்டி, குறிப்பு முழுமையாக இருந்தால் மாற்றத்தை முடித்துவிடும், அரைகுறையாக இருந்தால் நடக்கவே இல்லை என்று விட்டுவிடும். விநாடிகளில் வேலை முடியும். இதை ஜர்னலிங் என்பார்கள். இன்று பெரும்பாலான இயங்குதளங்களில் இதுவோ இதைப் போன்ற ஏற்பாடோ உண்டு, அன்று வீட்டு மெஷினுக்கு இது ஆடம்பரம்.

அதே ஃபைல் சிஸ்டத்தில்தான் என் மனதில் நின்ற இன்னொன்றும் இருந்தது. டொமினிக் ஜாம்பவோலோ, சிரில் மெரியோ என்ற இரண்டு பொறியாளர்கள் அதை எழுதினார்கள். ஒரு ஃபைலுக்குப் பெயர், அளவு, தேதி என்று மூன்று நான்கு விவரங்கள்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது, எத்தனை வேண்டுமானாலும் ஒட்டி வைக்கலாமே என்பது அவர்கள் யோசனை. பாட்டு ஃபைலுக்குப் பாடியவர் பெயர், ஆல்பம், ஆண்டு. அதைவிட அழகு, மெயிலை அவர்கள் கையாண்ட விதம். வந்த ஒவ்வொரு மெயிலும் தனித்தனி ஃபைல். அனுப்பியவர், பொருள், தேதி, படித்தாயிற்றா இல்லையா என்பவை அந்த ஃபைலோடு ஒட்டிய குறிப்புகள். மெயில் ஃபோல்டரைத் திறந்தால், எந்த ஃபோல்டரையும் திறப்பதுபோலத்தான் திறக்கும். அளவு, தேதி என்ற பத்திகளுக்குப் பக்கத்திலேயே அனுப்பியவர், பொருள் என்ற பத்திகளும் வந்து நிற்கும். அனுப்பியவர் என்ற தலைப்பைத் தட்டினால் பெயர் வரிசையில் அடுக்கிக்கொள்ளும். மெயிலைப் படிக்கத்தான் ஒரு குட்டிப் புரோகிராம், அடுக்கவும் தேடவும் நகர்த்தவும் ஃபைல்களை நிர்வகிக்கும் டிராக்கரே போதும். முகவரிப் புத்தகமும் அப்படியே, ஆளுக்கு ஒரு ஃபைல், தொலைபேசி எண் அதன்மேல் ஒட்டிய குறிப்பு.

தேடல் என்பதும் அங்கே வேறு ரகம். படிக்காத மெயில் எல்லாம் காட்டு என்று கேட்டால் ஒரு ஜன்னலில் பட்டியல் வரும். அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கலாம். புது மெயில் வந்த கணத்தில் தானாக அதில் சேரும், நீங்கள் படித்ததும் தானாக மறையும். கேள்வியையே ஒரு ஃபைலாக டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது தட்டினால் அப்போதைய பதிலோடு திறக்கும். டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் துழாவி நாய்க்குட்டி படத்தோடு விண்டோஸ் எக்ஸ்பி தேடிக்கொண்டிருந்தது இதற்கு அடுத்த ஆண்டு. ஒரே குறை, ஃபைலை விண்டோஸ் டிஸ்க்குக்கு நகலெடுத்தால் ஒட்டிய குறிப்புகள் அத்தனையும் உதிர்ந்துவிடும். தன் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் அறிவு அது.

தமிழ் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நாம் திஸ்கி, டாப், டாம் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியீடு வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பீஓஎஸ் எல்லா எழுத்தையும் யூடிஎஃப்-8 யூனிகோடில்தான் வைத்திருந்தது. அடித்தளம் சரியாக இருந்தது. அதற்கு மேலே, எழுத்தையும் குறியையும் சேர்த்து உருவமாக்கும் பகுதி இல்லை. எழுத்துரு கொண்டுவந்து வைத்தாலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கெட்டிக்காரத்தனமான அரைவேலை.

இதையெல்லாம் செய்த பீ நிறுவனம் இருந்தது கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில். ஆப்பிளில் தயாரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்து 1990-ல் வெளியேறிய பிரெஞ்சுக்காரர் ழான்-லூயி கஸே தொடங்கியது. பழைய புரோகிராம்களுக்கு வளைந்துகொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், புதுத் தரையில் ஒரு இயங்குதளம் கட்டுவது அவர் ஆசை. முதலில் சொந்தமாக மெஷினே செய்தார்கள். 1995 அக்டோபரில் வந்த பீபாக்ஸில் இரண்டு பவர்பிசி ப்ராசசர்கள். முகப்பில் இரண்டு வரிசை விளக்குகள், ப்ராசசர் ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு ஏற்ப ஏறி இறங்கும். சுமார் 2,000 பெட்டிகளோடு அந்த முயற்சி நின்றது.

1996-ல் ஆப்பிள் இக்கட்டில் இருந்தது. தன் புது இயங்குதளத் திட்டமான கோப்லாண்டைக் கைவிட்டுவிட்டு, வெளியிலிருந்து ஒன்றை வாங்கப் பார்த்தது. பீ நிறுவனத்தோடு பேரம் நடந்தது. ஆப்பிள் 125 மில்லியன் டாலர் வரை வந்ததாகவும், கஸே 200 மில்லியனுக்கு மேலே நின்றதாகவும் பேசிக்கொண்டார்கள். டிசம்பரில் ஆப்பிள் நெக்ஸ்ட் நிறுவனத்தை 400 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, அதோடு ஸ்டீவ் ஜாப்ஸும் திரும்பி வந்தார். கஸே பேராசைப்பட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிள் அன்று வாங்கியதில் சரக்கு பாதி என்றால் ஆள் பாதி. விலையைக் குறைத்திருந்தால் மட்டும் அவர் ஜாப்ஸாக மாறியிருக்க முடியாது.

அதன் பிறகுதான் பீஓஎஸ் 1998-ல் இன்டெல் மெஷின்களுக்கு வந்தது. வந்த இடம் விண்டோஸின் கோட்டை. இங்கே நல்ல சரக்கு மட்டும் போதாது. முதல் சிக்கல் டிரைவர்கள். நம் ஊர் அசெம்பிள்டு மெஷின்களில் இருந்த மலிவு மோடம்கள் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டவை, பீஓஎஸ்ஸில் பெரும்பாலும் உயிர்பெறாது. மோடம் இல்லாவிட்டால் இணையம் இல்லை. இணையம் கிடைத்தவர்களுக்கோ அடுத்த சிக்கல், கூடவே வந்த நெட்பாசிட்டிவ் பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது. பக்கம் கிடைக்காதபோது அது பிழைச் செய்தியை ஹைக்கூ வடிவில் சொல்லும். பக்கம் கிடைக்காதது அடிக்கடி நடந்ததால் ஹைக்கூவுக்குக் குறைவில்லை. இந்த ஆட்களின் குறும்பு புரோகிராமர்களுக்கான ஏடுகளிலும் உண்டு. கம்ப்யூட்டர் ஆனில் இருக்கிறதா என்று சொல்ல ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தார்கள், ஆஃபில் இருந்தால் என்ன விடை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்ற குறிப்போடு. தீப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று.

பெரிய சிக்கல் மூன்றாவது. கடையில் வாங்கும் மெஷினைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் 100-க்கு 99 பேர் பயன்படுத்துவார்கள். எனவே மெஷின் செய்யும் கம்பெனிகள் விண்டோஸோடு பீஓஎஸ்ஸையும் சேர்த்துக் கொடுத்து, ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும்படி வைக்க வேண்டும். ஜப்பானில் ஹிட்டாச்சி தன் ஃப்ளோரா ப்ரியஸ் மெஷின்களில் பீஓஎஸ்ஸை உள்ளே வைத்தது. ஆனால் வாங்கியவர் ஆன் செய்தால் நேராக விண்டோஸ்தான் எழும். பீஓஎஸ் டிஸ்க்கில் ஒளிந்திருக்கும், அதை எழுப்ப என்னென்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பைத் தேடிப் படித்துச் செய்ய வேண்டும். விண்டோஸ் உரிமத்தின் நிபந்தனைகள் மூலம் மைக்ரோசாஃப்ட் கம்பெனிகளின் கையைக் கட்டிவிட்டது என்பது பீ நிறுவனத்தின் புகார். கண்ணில் படும்படி வைக்கும் கம்பெனிக்குப் பீஓஎஸ் இலவசம் என்று 1999-ல் கஸே அறிவித்தார். இலவசமாகக் கொடுத்தும் பெரிய கம்பெனிகள் வரிசையில் நிற்கவில்லை. ஓசியில் கிடைக்கும் ஒன்றை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், தயங்க வேறு காரணம் இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

2000 ஜனவரியிலேயே பீ நிறுவனம் டெஸ்க்டாப்பை விட்டு விலகி, இணையத்துக்கென்றே செய்யும் சிறு கருவிகள் பக்கம் திரும்பிவிட்டது. ஆக எங்கள் கைக்கு வந்த அந்த இலவச சிடி, கடையை மூடுகிறவர் சரக்கை வாரிக் கொடுத்ததுபோல ஆயிற்று, அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தக் கருவிகளுக்காகப் பீ செய்த இயங்குதளத்தை வைத்துச் சோனி 2001-ல் ஈவில்லா என்றொரு கருவி போட்டு, சில மாதத்திலேயே திரும்பப் பெற்றது. அந்த ஆகஸ்டில் பாம் நிறுவனம் பீயின் சொத்துகளை 11 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. வழக்குத் தொடுக்கும் உரிமையை மட்டும் பீ தன்னிடமே வைத்துக்கொண்டது. 2002-ல் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது, 2003 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 23.25 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. செய்த சரக்குக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல், போட்ட வழக்குக்குக் கிடைத்தது.

கம்பெனி போனாலும் ஆட்கள் எங்கோ வேலைக்குப் போகத்தானே வேண்டும். ஜாம்பவோலோ ஆப்பிளுக்குப் போனார். 2005-ல் மேக்கில் வந்த ஸ்பாட்லைட் தேடலில் அவர் கை உண்டு. பீயிலிருந்து பாம் வழியாகப் போன சிலர், டையான் ஹேக்பார்ன், மத்தியாஸ் அகோபியான் போன்றவர்கள், ஆண்ட்ராய்டைக் கட்டியவர்களில் முக்கியமானவர்கள். புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆண்ட்ராய்டில் இருக்கும் பைண்டர் என்ற ஏற்பாட்டின் விதை பீயில் போட்டது. பீஓஎஸ்ஸில் ஜன்னலின் செய்திகளைக் கவனித்த லூப்பர், ஹேண்ட்லர், மெசேஜ் மூன்றும் அதே பெயர்களில் ஆண்ட்ராய்டில் இருக்கின்றன. உங்கள் போனில் ஓர் ஆப் திகைத்து நின்றால், ஐந்து விநாடி பார்த்துவிட்டு, இது பதில் சொல்லவில்லை, மூடட்டுமா என்று கேட்கிறதே, திரையைக் கவனிக்கும் த்ரெட்டை வேறு வேலையில் மாட்டி வைத்த புரோகிராமரைப் பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. பீஓஎஸ்ஸில் கட்டாயமாக இருந்தது இங்கே கண்காணிப்பாக மாறியிருக்கிறது.

பழைய ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2001-லேயே பீஓஎஸ்ஸை ஒவ்வொரு பகுதியாகத் திரும்ப எழுதத் தொடங்கினார்கள், 2004-ல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பிழைச் செய்திகளின் நினைவாக. சம்பளமில்லாத வேலை என்பதால் நிதானமாகத்தான் போகிறது. முதல் ஆல்ஃபா 2009-ல், முதல் பீட்டா 2018-ல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். முழுப் பதிப்பு என்று ஒன்றை அதுவரை அவர்கள் வெளியிடவில்லை. மஞ்சள் பட்டை அப்படியே இருக்கிறது, ஷிஃப்ட்டோடு இழுத்தால் நகர்கிறது. எழும்போது ஒளிரும் சின்னங்களும் உண்டு. மெயில் இன்னும் ஃபைல்தான், தேடல் ஜன்னல் இன்னும் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. ஜர்னலிங் வைத்த அந்த ஃபைல் சிஸ்டத்தை ஆக்ஸெல் டோர்ஃப்லர் என்ற ஜெர்மானியர் மறுபடி எழுதினார், ஜாம்பவோலோ 1999-ல் அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி வைத்திருந்தது கைகொடுத்தது.

பார்க்க ஆசையாக இருந்தால் பழைய லேப்டாப் ஒன்றே போதும், ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஹைக்கூவின் தளத்திலிருந்து இறக்கி ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே எழுப்பலாம். 32 பிட் பதிப்பை எடுத்தால், 2000 வாக்கில் பீஓஎஸ்ஸுக்கு எழுதிய புரோகிராம்கள் பலவும் கைவைக்காமல் ஓடும், பழைய சிடி யாரிடமாவது கிடந்தால் போட்டுப் பாருங்கள். புது மெஷின் என்றால் 64 பிட். முதலில் வைஃபை தெரிகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள், இந்தக் கூட்டத்துக்கு டிரைவர் தொல்லை இன்னும் முழுசாகத் தீரவில்லை. இரண்டும் சரி என்றால் டெமோ ஃபோல்டருக்குள் போய் டீ பாட்டைத் திறந்து, அது சுழலும்போதே ஏதாவது பெரிய ஃபைலை நகலெடுக்கச் சொல்லுங்கள். பேங்க் வேலை, ஆபீஸ் வேலையெல்லாம் இதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு உங்கள் வழக்கமான மெஷினே இருக்கட்டும்.